இரண்டு கண்ணி கூடுதல்

அன்று காலை அய்வேயின் சமையலறையில் இருந்தவர்கள்:

மில்வி, நாற்பத்தேழு வயது. மாலை நான்கு மணிக்குள் தலைநகர் தாலினில் உள்ள சிறைக்குப் போய்ச் சேர வேண்டியவள்.

அய்வே, மில்வியின் அண்ணன் மனைவி. வீடும் காரும் அவளுடையவை. அண்ணன் பின்லாந்தில் கட்டட வேலையில் இருந்தான். இந்த மாதிரி நாட்களில் அவன் எப்போதும் பின்லாந்தில்தான் இருப்பான்.

கெர்த்து, மில்வியின் ஒரே மகள். ஜூனில் கல்யாணம்.

மேசையின் மேல், பின்னி முடியாத ஒரு வெள்ளைச் சால்வை. நூற்றொரு கண்ணி, அதாவது நூல் வளையம், இருக்க வேண்டிய அதன் ஊசியில் நூற்று மூன்று கண்ணி இருந்தது.

முரி இல்லை. நாயைச் சனிக்கிழமையே அடுத்த தெரு மீன்காரரிடம் விட்டாகிவிட்டது.

மில்வி நான்காவது முறை எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் தடவை நூற்று மூன்று வந்தது. இரண்டாம் தடவை நூற்று நான்கு. அது கை நடுக்கம், கணக்கில் சேராது. மூன்றாம் தடவை மறுபடியும் நூற்று மூன்று. நான்காவதில் எண்பதைத் தாண்டும்போதே முடிவு தெரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசிவரை எண்ணினாள். எண்ணி முடிக்காமல் விட்டால் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருக்கும்; அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை.

"எத்தனை?" அடுப்புப் பக்கமிருந்து அய்வே கேட்டாள்.

"கொஞ்சம் பேசாம இருங்க அண்ணி."

"பேசாமத்தான் இருக்கேன். எத்தனைன்னு மட்டும்தான் கேட்டேன்."

"நூத்தி மூணு."

அய்வே காபிக் கெண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டா கூட?"

"ரெண்டு."

அய்வே திரும்பிக் கெர்த்துவைப் பார்த்தாள். கெர்த்து கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அய்வே மறுபடியும் கெண்டியைக் கையில் எடுத்தாள். அந்தப் பார்வையை மில்வி கவனித்தாள். கேட்கத்தான் நேரமில்லை. மணி எட்டே முக்கால். ஒன்றரைக்குக் கார் கிளம்ப வேண்டும்.

இன்னும் ஆறு வரிசை பாக்கி. ஆறே ஆறு. அதைப் பின்னிவிட்டால் சால்வையின் நடுத்துண்டு முடிந்தது. சுற்றி வரும் ஓரத்தை வேறு யார் பின்னினாலும் பாதகமில்லை. இந்த ஊரில், ஹாப்சலுவில், அது வழக்கம்தான், ஓரத்தைத் தனியாகப் பின்னித்தான் தைத்துச் சேர்ப்பார்கள். அய்வே ஏற்கெனவே பாதி ஓரத்தை முடித்து அலமாரியில் வைத்திருந்தாள். ஆனால் நடுத்துண்டு ஒரே கையாக இருக்க வேண்டும். நனைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது இன்னொரு கை நுழைந்திருந்தால் துணியே காட்டிக்கொடுத்துவிடும். ஒருத்தியின் கை இறுக்கம், இன்னொருத்தியின் கை தளர்ச்சி, அதை மறைக்க யாராலும் முடியாது. உள்ளே ஊசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். தண்டனை நான்கு ஆண்டு. ஆகவே இன்று மதியத்துக்குள் முடியவில்லையென்றால் இந்தச் சால்வை இல்லை.

சால்வைக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. போன மாதம் தீர்ப்பு வந்த அன்று, நீதிமன்ற வாசலில் கெர்த்து சொன்னாள்: "கல்யாணத்துக்கு நீ வர முடியாது. உன் சால்வையைப் போட்டுக்கறேன். ஆனா உள்ள போற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கக்கூடாது. குடிச்சேன்னு தெரிஞ்சா அதைத் தொடக்கூட மாட்டேன்."

"ஒரு சொட்டு இல்ல," என்றாள் மில்வி அன்றைக்கு.

குடிதான் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பதினான்கு மாதத்துக்கு முன், ஒரு ஜனவரி மாலை, மீன் தொழிற்சாலை வேலை முடிந்து, குடித்துவிட்டுக் கார் ஓட்டினாள். சாலையோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன கல்யோ செத்துப்போனார். பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்தவர். ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் அவருடைய கொதிகலன் அறையில் கையுறை காயவைத்தவர்கள். கெர்த்துவும்தான்.

"எண்ணி முடிச்சாச்சு இல்ல," என்றாள் கெர்த்து. "இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு இடத்துல ரெண்டு ரெண்டா சேத்துப் பின்னிட்டா சரியாயிடும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"நீ என்ன, கல்யாணத்தன்னைக்கு முதுகுல கண்ணை வச்சுக்கிட்டா நிக்கப்போற?"

"எங்க தப்புன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சுச் சரி பண்ணு. மூடி மறைக்காத." கெர்த்து ரொட்டியைக் கடித்தாள். "நீதான சொல்லுவ, கண்ணை மூடிக்கிட்டு எண்ணுவேன்னு."

உண்மைதான், சொல்லுவாள். அதில் பொய்யும் இல்லை. இருபது ஆண்டுகளாக விரல்கள் தாமாகவே எண்ணிக்கொண்டிருந்தன. அவை எண்ணாமல் விட்டது எந்த நாளில் என்பதும் மில்விக்குத் தெரியும். அந்த நாளின் பக்கம் போகாமலிருக்கத்தான் அவள் காலையிலிருந்து ஊசியிலேயே எண்ணிக்கொண்டிருந்தாள். கீழே, துணிக்குள் இறங்கவில்லை.

கணக்குத் தவறினால் பார்க்க வேண்டிய முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறைந்திருந்தால் எங்கோ நூலைச் சுற்றாமல் விட்டிருப்பார்கள். கூடியிருந்தால் மொட்டு பிளந்திருக்கும். இந்தச் சால்வைக்கு அழகே மொட்டுதான். ஒரே கண்ணியிலிருந்து ஏழு கண்ணிகளை இழுத்து ஊசியில் விட வேண்டும். திரும்பும் வரிசையில் அந்த ஏழையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் அரிசி அளவு ஒரு முடிச்சு எழும்பி நிற்கும். சேர்க்கும்போது ஒன்றை விட்டால் ஒன்று கூடும்.

"மொத்தமா எண்ணாத," என்றாள் அய்வே, நூல் துண்டுகள் இருந்த டப்பாவை மேசையில் வைத்தபடி. "கட்டம் கட்டமாப் பிரி. ஆத்துல விழுந்த ஊசியை ஆறு முழுக்கத் தேடுவியா?"

மில்வி சிவப்பு நூல் துண்டுகளை எடுத்துக்கொண்டாள். வலது ஓரம் ஐந்து கண்ணி. பிறகு பத்துப் பத்தாக ஒன்பது கட்டம். இடது ஓரம் ஆறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு சிவப்பு நூலைத் தொங்கவிட்டாள். மாதிரித் தாள் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்ந்து நின்றது, கட்டம் போட்ட தாள். இலைக்குக் கோடு, துளைக்கு வட்டம், மொட்டுக்கு ஒரு புள்ளி.

முதல் கட்டம் பத்து. இரண்டாவது பத்து. மூன்றாவதில் கை வழுக்கி ஒரு கண்ணி ஊசியை விட்டு நழுவியது. அதைப் பிடித்து ஏற்றுவதற்குள் அவளுக்குக் கழுத்தில் வியர்த்துவிட்டது. நான்கு, ஐந்து, ஆறு, எல்லாம் பத்து. ஏழு, பத்து. எட்டு, பத்து.

ஒன்பதாவது கட்டத்தில் பன்னிரண்டு.

"இருக்கு," என்றாள். "கடைசிக் கட்டம்."

"ஆம்பளையும் அப்படித்தான், தொலைஞ்ச காலுறையும் அப்படித்தான்," என்றாள் அய்வே. "எப்பவும் கடைசி எடத்துலதான் கெடக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அய்வேயும் சிரிக்க வேண்டும் என்று சொன்ன மாதிரி இல்லை.

"எந்த வரிசை?" என்றாள் கெர்த்து.

"அது எதுக்கு இப்ப? எந்தக் கட்டம்னு தெரிஞ்சாச்சு. மேலேயே சேத்துடறேன்."

"எந்த வரிசைம்மா?"

மில்வி துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளியே விரிகுடாவில் பனிக்கட்டி இன்னும் முழுதாக உருகவில்லை. வெளிச்சம் பழைய பாத்திரத்தைப் போல மங்கிக் கிடந்தது. மேலிருந்து கீழே வந்தாள். ஒரு வரிசை, இரண்டு, மூன்று. ஊசிக்கு எட்டு வரிசை கீழே புது நூலுருண்டையை இணைத்த இடம் இருந்தது. இரண்டு வால்நூல் அங்கே தொங்கியது. அந்த உருண்டையைச் சனிக்கிழமை காலையில் எடுத்தாள். வால்நூலுக்குக் கீழே இருப்பதெல்லாம் வெள்ளிக்கிழமையும் அதற்கு முந்தியும். மேலே இருப்பதெல்லாம் சனிக்கிழமை.

கீழே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாரை வேண்டினாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. தேவாலயத்துக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கீழே இருக்கட்டும், வெள்ளிக்கிழமையில் இருக்கட்டும், வியாழனாகவும் இருக்கலாம். நிதானமாக இருந்த நாளில் ஒரு தப்பு நடந்திருக்கட்டும்.

சனிக்கிழமை மதியம் முரியை மீன்காரரிடம் விட்டுவிட்டு வந்தாள். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அங்கே மீன்தலை கிடைத்தது. வீட்டில் யாரும் இல்லை. அய்வே சந்தைக்குப் போயிருந்தாள். கெர்த்து வந்துவிட்டுப் போன அடையாளமாகக் கழுவாத ஒரு கோப்பை மட்டும் கிடந்தது. மில்வி ஒரு பாட்டில் ஊறுகாய் எடுக்கத்தான் நிலவறைக்குள் இறங்கினாள். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அய்வேயின் ஆப்பிள் ஒயின் மூன்றாவது தட்டில் இருந்தது. முக்கால் பாட்டில் உள்ளே போனது. காலி இடத்தைத் தேநீர் ஊற்றி நிரப்பி, தக்கையை அழுத்தி வைத்தாள். பிறகு மாடிக்கு வந்து எட்டு வரிசை பின்னினாள். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவள் பின்னியதே இல்லை. அவ்வளவு அழகாகவும் பின்னியதில்லை என்று அப்போது தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக் கிடந்தாள்.

"என்ன, தூங்கிட்டியா?" என்றாள் கெர்த்து.

"கண்ணு தெரியல."

"கொடு இங்க," என்று அய்வே துணியை வாங்கினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நூல் நூற்கும்போது பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். அவள் விரல் ஒன்பதாவது கட்டத்தில் மெதுவாக இறங்கியது. வால்நூல்வரை போகவில்லை. அதற்கு ஒரு வரிசை மேலேயே நின்றுவிட்டது.

"இதோ இருக்கு மொட்டு. ஏழு சேந்திருக்கு. ரெண்டு சேராமத் தனியா மேல போயிருக்கு." அவள் கண்ணாடியை இன்னும் நெருக்கினாள். "அடியில ஒன்பது."

 

மாதிரித் தாளில் மொட்டுக்கு ஒரு புள்ளி மட்டும்தான் இருக்கும். எத்தனை கண்ணி இழுப்பது என்று தாள் சொல்லாது. அது வீட்டுக்கு வீடு வேறு. சிலர் ஐந்து, பலர் ஏழு, அய்வேயின் பிறந்த வீட்டில் ஒன்பது. ஏழு இழுத்துப் பழகிய கை ஒன்பது இழுக்காது, குடித்திருந்தாலும் இழுக்காது. ஒரு கண்ணி கூடினால் கவனக்குறைவு, இரண்டு கூடினால் இரண்டு கை என்று ஹாப்சலுவில் பின்னத் தெரிந்த எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள். மில்விக்கும் அது தெரியும். காலை முழுக்கச் சனிக்கிழமையை நினைத்துப் பயந்துகொண்டிருந்ததில் அது நினைவுக்கே வரவில்லை.

"நீங்களா அண்ணி?"

"என் சால்வையைத் தவிர வேற யார் சால்வையையும் நான் தொடமாட்டேன். உனக்கே தெரியும்."

மில்வி மகளைப் பார்த்தாள். கெர்த்து பின்னக் கற்றுக்கொண்டது அய்வேயிடம். மில்விக்கு அப்போது இரவு வேலை. பிள்ளை வளர்ந்ததெல்லாம் இந்தச் சமையலறையில்தான்.

"நான்தான்," என்றாள் கெர்த்து. ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள். "சனிக்கிழமை வந்தேன். நீ இல்ல. கடைசிக் கட்டம் பின்னாம நடுவுல விட்டுட்டுப் போயிருந்த. நான் அதை முடிச்சு வச்சேன். ஒன்பது போட்டேன்."

"எதுக்கு?"

"திரும்புற வரிசைல முதல் மொட்டே அதுதான். நீ சரியா இருந்தா ஊசி படும்போதே தெரிஞ்சுரும். யாருடி என் பின்னலைத் தொட்டதுன்னு எனக்கு அப்பவே போன் பண்ணித் திட்டியிருப்ப." துணுக்குகளைக் குப்பையில் போட்டாள். "சனிக்கிழமை ராத்திரி போன் வரல. ஞாயித்துக்கிழமையும் வரல. வயித்து வலின்னு அத்தை சொன்னாங்க."

சொல்வதற்கு மூன்று பொய்கள் மில்வியின் கையில் தயாராக இருந்தன. நாயை விட்டுவிட்டு வந்த வருத்தம். விளக்கு வெளிச்சம் போதவில்லை. கண் போய்க்கொண்டிருக்கிறது. மூன்றும் நல்ல பொய்கள். மூன்றிலும் பாதி உண்மை இருந்தது.

"கவனிக்கல," என்றாள்.

"எட்டு வரிசை கவனிக்கல."

"ஆமா."

"குடிச்சியா?"

"இல்ல. ஒரு சொட்டு இல்ல."

கெர்த்து அத்தையைப் பார்த்தாள். அய்வே பூதக்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"நேத்து நிலவறைக்குப் போனேன்," என்றாள் அய்வே கடைசியில். "என் ஒயினு ஒண்ணு கலங்கிப் போயிருந்துச்சு. மோந்து பாத்தேன். தேயிலை."

"தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லல," என்றாள் கெர்த்து.

"ஒரு நாள்தான பாக்கின்னு விட்டேன். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?"

"குடிச்சேன்," என்றாள் மில்வி. "சனிக்கிழமை. ஒரே ஒரு தடவை."

"ஒரே ஒரு தடவையா?"

"முக்கால் பாட்டில்."

கெர்த்து தலையை ஆட்டினாள். எதிர்பார்த்த பஸ் எதிர்பார்த்த நேரத்துக்கு வந்ததைப் பார்ப்பவள் போல இருந்தது அவள் முகம். கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் மில்விக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"அப்ப சரி," என்றாள் கெர்த்து. "எந்திரி. முகத்தைக் கழுவிக்க. சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்."

"இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."

"எதுக்கு?"

மில்வி அய்வேயின் மடியிலிருந்த துணியை எடுத்து மேசையில் விரித்தாள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கண்ணுக்குப் பிடிபடாதென்று, அடியில் நீல நிறச் சாப்பாட்டுத் துண்டை வைத்தாள். பிறகு ஒன்பதாவது கட்டத்தின் பன்னிரண்டு கண்ணிகளையும் ஊசியிலிருந்து வேண்டுமென்றே நழுவவிட்டாள்.

"அடிப்பாவி," என்றாள் அய்வே மெதுவாக.

பன்னிரண்டு கண்ணியும் ஒவ்வொரு வரிசையாகக் கழன்று இறங்கின. வேண்டிய தூரம் இறங்காத இடத்தில் ஊசி முனையால் இழுத்துவிட்டாள். மொட்டு இருக்கும் வரிசைவரை கழன்றதும் குட்டை ஊசியைக் குத்தி நிறுத்தினாள். இரண்டு பக்கமும் துணி அப்படியே இருக்க, நடுவில் ஏணிப்படி போல எட்டு நூல் தொங்கியது. வரிசை முழுவதையும் பிரிக்க நேரமில்லாதவர்கள் செய்யும் வேலை இது. ஒரு கட்டத்தை மட்டும் கிணறு வெட்டுவது போலக் கீழே இறக்கி, மறுபடியும் படிப்படியாக மேலே கட்டிக்கொண்டு வருவது. சாதாரணப் பின்னலில் இது பெரிதில்லை. துளையும் இலையுமாக இருக்கும் வேலையில் எந்த நூல் எந்தப் படி என்று ஒரு தடவை குழம்பினால் எல்லாம் போய்விடும்.

மொட்டின் ஒன்பது கண்ணியும் முன்னால் வந்து நின்றன. இரண்டைக் களைந்து ஏழாக்கலாமா என்று பார்த்தாள். களைந்தால் அந்த இடத்தில் நூல் தொளதொளவென்று நிற்கும். அதை இழுத்துப் பரப்ப அரை மணி ஆகும். அரை மணி அவளிடம் இல்லை. ஒன்பதையும் ஒன்றாகச் சேர்த்தாள். ஊசி உள்ளே போக மறுத்தது. மூன்றாவது முறை போனது. எழும்பிய மொட்டு பக்கத்து மொட்டுகளைவிடப் பருமனாக இருந்தது.

"யாருக்காக இதைப் பண்ற?" என்றாள் கெர்த்து. "போட்டுக்க மாட்டேன்னு சொல்லியாச்சு."

"போடாட்டிப் போ. கணக்கு சரியா இருக்கணும்."

"கணக்கு சரியா இருக்கணுமாம். கேட்டீங்களா அத்தை?"

"என்னை இழுக்காத," என்றாள் அய்வே. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தொங்கிய நூல்களில் மேலே இருந்தவற்றை இரண்டு விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள், அடுத்த படி மட்டும் மில்வியின் கைக்கு வரும்படி.

ஒரு படி. தாளைப் பார்த்தாள். இரண்டு கண்ணி சேர்ப்பு, ஒரு சுற்று, மூன்று நேர்க்கண்ணி, ஒரு சுற்று. இரண்டாவது படி. நூல் மிச்சம் வந்தது. பன்னிரண்டு கண்ணிக்கு ஓடிய நூலைப் பத்து கண்ணிக்குள் அடக்க வேண்டும். அதைப் பக்கத்துக் கண்ணிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டாள். மூன்றாவது படியில் ஒரு துளை தப்பான பக்கம் விழுந்தது. இறக்கினாள். மறுபடியும் ஏற்றினாள். சனிக்கிழமைக் குடி இரண்டு நாளாகியும் விரல் நுனியில் உட்கார்ந்திருந்தது. விரல்களை வெந்நீரில் நனைத்துவிட்டு வந்தாள். நான்காவது படி. மணி பதினொன்றைத் தாண்டியது. ஐந்தாவது படியில் நூல் பிரிந்து மயிரிழை அளவுக்கு ஆனது. அறுந்தால் அத்தோடு முடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஏற்றினாள். அறுபடவில்லை.

கெர்த்து இரண்டு முறை வெளியே போய்விட்டு வந்தாள். இரண்டாம் முறை வந்தபோது நின்று பார்த்தாள். மாடியிலிருந்து அம்மாவின் பையை எடுத்துவந்து கதவருகே வைத்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒன்பதாவது கட்டம் மேலே வந்து சேர்ந்தது. பத்து கண்ணி. மில்வி அதை மட்டும் எண்ணினாள். மொத்தத்தையும் எண்ணத் துணியவில்லை. ஆறு வரிசை பாக்கி இருந்தது. அய்வே வைத்த கஞ்சியைத் தொடாமலேயே ஏழாக இழுத்து, ஏழாகச் சேர்த்து, ஒரு வரிசையும் அடுத்ததில் பாதியும் பின்னினாள். ஒன்றரைக்கு அய்வே காரைக் கிளப்பி ஹாரன் அடித்தாள்.

காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து பின்னினாள். பக்கத்தில் கெர்த்து. சாலையில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. லாரிகள் அதை வாரி இறைத்துக்கொண்டு போயின. பள்ளத்தில் கார் இறங்கும் ஒவ்வொரு தடவையும் மில்வி ஊசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் போங்க அண்ணி."

"மெதுவாப் போனா நேரமாயிடும். வேகமாப் போனா கண்ணி போயிடும். எது வேணும் சொல்லு."

"மெதுவா."

"ஓரத்தை நான் முடிச்சுருவேன், மே மாசத்துக்குள்ள," என்றாள் அய்வே, கண்ணாடியில் கெர்த்துவைப் பார்த்தபடி. "ஒருவேளை யாராச்சும் போட்டுக்கறதா இருந்தா. ஒன்பது கண்ணி மொட்டுதான் வரும். என் கைக்கு ஏழு தெரியாது."

"தெரியும். உங்களுக்குக் கொழுப்பு."

"அதுவும் உண்டு."

கெர்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யோ விழுந்த இடம் இந்தச் சாலையில் இல்லை, ஊருக்கு அந்தப் பக்கம். ஆனாலும் ஒரு சைக்கிள்காரரைத் தாண்டும்போது காரில் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். மில்வி மட்டும் பின்னுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் தொடங்க முடியாது என்று தோன்றியது.

மூன்றே முக்காலுக்குச் சிறையின் கார் நிறுத்துமிடத்தில் நின்றார்கள். இன்னும் இருபது கண்ணி. அய்வே எஞ்சினை அணைத்தாள். பதினைந்து. ஐந்து. கடைசிக் கண்ணியைப் பின்னியபோது மணி மூன்று ஐம்பத்தி ஆறு. மில்வி ஊசியின் முனையில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினாள், கண்ணி எதுவும் நழுவாதபடி.

"எண்ணு," என்று கெர்த்துவிடம் நீட்டினாள். "என் கை ஆடுது. நீ எண்ணு."

கெர்த்து வாங்கவில்லை.

"போட்டுக்கன்னு சொல்லல. எண்ணிச் சொல்லு, அது போதும். நான் உள்ள போயி நாலு வருஷமும் இதையே எண்ணிக்கிட்டுக் கெடக்கக் கூடாது."

கெர்த்து வாங்கிக்கொண்டாள். மூவரும் இறங்கி நடந்தார்கள். நடந்துகொண்டே அவள் எண்ணினாள், கட்டைவிரலால் இரண்டு இரண்டாகத் தள்ளி, உதடு மட்டும் அசைய. சுவரில் ஒரு இரும்புக் கதவு. பக்கத்தில் ஒரு பொத்தான். அய்வே அதை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவன் சின்ன வயசுக்காரன். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். மில்வியின் கடிதத்தை வாங்கிப் படித்தான், பையைப் பார்த்தான், பிறகு கெர்த்துவின் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"ஊசி உள்ள வராது."

"இது வரல," என்றாள் மில்வி. "ஒரு நிமிஷம் தம்பி."

"மணி நாலாகுதும்மா."

"அரை நிமிஷம்."

கெர்த்துவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. காற்றில் சால்வை அவள் முழங்கையில் சுற்றிக்கொண்டது. அவள் அதை ஒதுக்கவில்லை.

"சொல்லிட்டுப் போ," என்று அய்வே மில்வியின் தோளைத் தொட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

"எத்தனை?" என்றாள் மில்வி.

கெர்த்து நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நூத்தியொண்ணு," என்றாள். "சரியா இருக்கு."

மில்வி மகளின் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நான்காவது சிவப்பு நூலில் நின்றிருந்தது. அதற்கு அப்பால் ஐந்து கட்டமும் ஓரமும் எண்ணப்படாமல் கிடந்தன.

"சரி," என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.